பிரித்துப் பின்னுதல்: ஸ்வெட்டரின் பிறவிகள் குறித்த ஓர் ஆராய்ச்சி

இவ்வாய்வு என் நுதலிற்றோ எனின், பின்னி முடித்து, போட்டுப் பார்த்து, எதிர்வீட்டில் காட்டி, புகழும் வாங்கியாகிவிட்ட ஒரு கம்பளி ஸ்வெட்டரை மறுபடி நூலாக அவிழ்த்து, அந்த நூலிலேயே இன்னொரு ஸ்வெட்டர் பின்னும் வழக்கத்தை நுதலிற்று. களம்: தில்லி. காலம்: ரெடிமேட் ஸ்வெட்டர் மலிவதற்கு முந்தைய சில பத்தாண்டுகள். ஆய்வுக்கு உட்பட்டோர்: சரோஜினி நகர், ராமகிருஷ்ணபுரம், லோதி காலனி முதலிய இடங்களில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த தமிழ் மாமிகளும், அவர்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பஞ்சாபி அண்டைவீட்டு அம்மாக்களும். ஆண்களுக்கு இந்த ஆய்வில் இடம் உண்டா என்றால், உண்டு. அளவெடுக்க நிற்கும்போது மட்டும்.

தமிழறிஞர்கள் இத்துறையைத் தொடாமல் விட்டதற்குக் காரணம் தட்பவெப்பம்தான். மார்கழி பஜனைக்குப் போகிறவர் காதைச் சுற்றி ஒரு மஃப்ளர், கொடைக்கானல் போகிறவருக்கு ஓர் இரவல் ஸ்வெட்டர்; சமவெளித் தமிழனின் கம்பளிப் பண்பாடு இதற்குள் அடங்கிவிடும். இலக்கியச் சான்றே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. புகார் நகரத்து நெசவாளர்கள் பட்டிலும் பருத்தியிலும் மயிரிலும் வேலை செய்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சீவக சிந்தாமணியில் எலிமயிர்க் கம்பலமே வருகிறது. அந்த எலி நெருப்பைத் தின்னும் ரகம். நெருப்பைத் தின்கிற எலியைப் பிடித்து மயிர் கத்தரித்த தீரர்களை இக்கட்டுரை வணங்குகிறது. ஆனால் அந்தக் கம்பலம் சீவகனுக்குச் சிறிதாகிப் போனபின் அதை என்ன செய்தார்கள் என்பதைத் திருத்தக்கதேவரும் சொல்லவில்லை, உரை எழுதிய நச்சினார்க்கினியரும் கேட்கவில்லை. செய்து முடித்ததைப் பாட வரிசையில் நிற்கிறார்கள் புலவர்கள். பிரித்ததைப் பாட ஆள் கிடைப்பதில்லை.

கிரேக்கர்கள் இதில் நம்மை முந்திவிட்டார்கள். ஹோமரின் ஒடிஸியில் கணவன் ஊர் திரும்பவில்லை, வீடு நிறைய மாப்பிள்ளைகள். மாமனார் லயர்ட்டீஸுக்கு ஈமப் போர்வை நெய்துகொண்டிருக்கிறேன், அது முடியட்டும், பிறகு கல்யாணப் பேச்சு என்று சொல்லிவிடுகிறாள் பெனலபி. பகலில் நெய்வாள்; இரவில் தீவட்டி வெளிச்சத்தில் பிரிப்பாள். மூன்று வருடம் ஒருவருக்கும் தெரியவில்லை. நான்காவது வருடம் வேலைக்காரி காட்டிக்கொடுத்துவிட்டாள். இந்தக் கதையைக் கற்புக்கும் சாமர்த்தியத்துக்கும் மேற்கோளாகக் காட்டுகிறவர்கள் ஒரு தொழில்நுட்பச் செய்தியைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். அவள் நெய்தாள், பின்னவில்லை. நெய்த துணியில் ஊடைநூலை ஒவ்வொன்றாகப் பாவுக்குள்ளிருந்து வந்த வழியே திருப்பி எடுக்க வேண்டும். நெய்ய ஆன நேரம், கூடக் குறைய, பிரிக்கவும் ஆகும். ஆக மூன்று வருடம் அந்தப் பெண் தூங்கியிருக்க மாட்டாள். கையில் ஒரு ஜோடி ஊசியும் நாலு உருண்டை உல்லனும் இருந்திருந்தால், பகல் பூராவும் பின்னியதை ராச்சாப்பாடு முடிந்ததும் உருவிப் போட்டுவிட்டுப் படுக்கப் போயிருக்கலாம். வேலைக்காரி கண்ணிலும் பட்டிருக்காது. பாவம், பின்னல் கலை அப்போது பிறக்கவில்லை. இன்றைய முறையில் பின்னியவற்றுள் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவை எகிப்தில் எடுத்த பருத்திக் காலுறைகள். அவற்றுக்கு வயது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. பெனலபி அவசரப்பட்டுப் பிறந்துவிட்டாள்.

இனி நம் கோட்பாடு. ஸ்வெட்டருக்காக உல்லன் என்று உலகம் நினைக்கிறது. உல்லனுக்காகவே ஸ்வெட்டர் என்று நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம்.

ஒரு குடும்பத்தில் அரைக்கிலோ உல்லன் இருக்கிறது என்று கொள்வோம். உருண்டையாகவே டிரங்குப் பெட்டியில் போட்டால் பூச்சி அரித்துவிடும். கம்பளி தின்னும் பூச்சியின் புழுவுக்கு இருட்டும் அமைதியும் வேண்டும்; வெயிலும் அசைவும் அதற்கு ஆகாது. பாச்சை உருண்டை நாலு போட்டு வைக்கலாம், ஆனால் பொங்கல் வரைக்கும் வீடே மணக்கும். ஆகவே உல்லனைக் காப்பாற்ற ஒரே வழி, அதை அசைந்துகொண்டே இருக்கிற, வெயிலில் அடிக்கடி போய் உட்காருகிற ஒரு பொருள்மேல் சுற்றி வைப்பது. தில்லிக் குளிர்காலத்தில் அப்படிப்பட்ட பொருள் கணவன். அவர் வளராததால் அவர்மேல் சுற்றிய உல்லன் நாலைந்து வருடம் அப்படியே இருக்கும். பிள்ளைகள் வளர்ந்துகொண்டே போவதால் அவர்கள்மேல் இருக்கும் உல்லனை அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். குளிர் தாங்குவது இந்த ஏற்பாட்டின் உபபலன்.

இக்கொள்கைக்கு வலுவான சான்று பின்னலின் அமைப்பிலேயே இருக்கிறது. சட்டையைப் பிரித்தால் துண்டுதான் மிஞ்சும். துண்டை மீண்டும் முழுத்துணியாக்க எந்தத் தையற்காரராலும் முடியாது. ஸ்வெட்டரோ நூலாகவே திரும்பி வரும். நெஞ்சளவு நூறு சென்டிமீட்டர், உயரம் அறுபது என்று வைத்துக்கொண்டு எட்டாம் நம்பர் ஊசியில் பின்னினால், பத்து சென்டிமீட்டருக்கு இருபத்திரண்டு கண்ணி, முப்பது வரிசை விழும். சுற்றளவுக்கு 220 கண்ணி, உயரத்துக்கு 180 வரிசை, பெருக்கினால் 39,600. இரண்டு கைக்கும் சேர்த்து இன்னும் இருபதாயிரம். அக்குளுக்கும் கழுத்துக்கும் குறைத்ததைக் கழித்தாலும் ஐம்பதாயிரத்துக்கு மேல் நிற்கும். இத்தனை கண்ணிகளையும் கடைசியில் காப்பது கழுத்தோரத்தில் இருக்கும் ஒரே ஒரு முடிச்சு. ஐம்பதாயிரம் பேர் கொண்ட ஊருக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள். கழற்றுகிற எண்ணம் இல்லாதவர் எவராவது இப்படி ஒரு பொருளைக் கட்டுவாரா?

இங்கே ஒரு தத்துவச் சிக்கல் எழுகிறது; வைணவர்கள் மன்னிக்க. ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழேயுள்ள கண்ணிக்குள் புகுந்து மேலே வருகிறது. அப்படியானால் மேலே இருப்பது கீழே இருப்பதைப் பற்றிக்கொண்டிருக்கிறதா, அல்லது மேலே இருப்பதுதான் கீழே இருப்பதை விழாமல் தாங்குகிறதா? குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்வது போல என்றால் வடகலை. பூனை தன் குட்டியை வாயில் கவ்விக்கொள்வது போல என்றால் தென்கலை. நூற்றாண்டுக் கணக்காக முடியாத இந்த வழக்கை ஒரு நழுவிய கண்ணி நொடியில் தீர்த்துவிடுகிறது. ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் ஏணிப்படி மாதிரி கீழ்நோக்கியே ஓடும். மேலே பிடித்திருந்தவர் கைவிட்டதும் கீழே இருப்பவர் ஒவ்வொருவராகக் கவிழ்கிறார். கீழே இருப்பதன் முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை. பின்னல் தென்கலை. இதன் கிளைத்தேற்றம்: ஸ்வெட்டரைக் கடைசியாகப் பின்னிய முனையிலிருந்துதான் பிரிக்க முடியும். தொடங்கிய முனையைப் பிடித்து இழுப்பவர் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நூல்முனையை நுழைத்து நுழைத்து எடுக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு பெனலபிதான் லாயக்கு.

பிரிப்பது பற்றிச் சாதாரண மக்களிடம் ஓர் அலட்சியம் உண்டு: இழுத்தால் வந்துவிடும், இதில் என்ன வித்தை? இழுத்தால் வருவது கடைசியில். அதற்கு முன்னால் தையல் பிரிக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று தனித்தனியாகப் பின்னியவற்றை அதே உல்லனால் ஒட்டியிருப்பார்கள். அதே நிறம், அதே பருமன்; எது தைத்த நூல், எது பின்னிய நூல் என்று குழாய் விளக்கில் தெரியாது. ஜனவரி மாதத்து மொட்டைமாடி வெயிலில், பனிமூட்டம் விலகிப் பத்தரை மணிக்கு மேல், துணியை இரண்டு கையாலும் இலேசாக விரித்துப் பிடித்தால் நடுவில் ஏணிக்கம்பிகள் மாதிரிக் குறுக்கே ஓடுகிற நூல் தெரியும். அதுதான் தையல். பழைய சவர பிளேடின் பாதியைக் கொண்டு அதை மட்டும் வெட்ட வேண்டும். பக்கத்தில் உள்ள கண்ணியில் பட்டுவிட்டால், ஒரு கிலோமீட்டர் நூல் அரைக் கிலோமீட்டர் நூல் இரண்டாகிவிடும். முதலில் கழுத்துப் பட்டி, பிறகு தோள், பிறகு கை, கடைசியில் பக்கவாட்டு. இங்கேதான் பிரிப்பவரின் புலமை வெளிப்படும். எந்த மாமி எந்த இடத்தில் நூல்முனையை ஒளித்துவைப்பார் என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிலர் கழுத்துப் பட்டியின் உள்மடிப்பில், சிலர் இடது தோளில். முனையை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி இழைத்து மறைத்துவிடுகிற மகா நிபுணர்கள் தங்களுடைய ஸ்வெட்டரையே பிரிக்க முடியாமல் அரைநாள் உட்கார்ந்திருப்பதும் உண்டு.

முனை கிடைத்து, முடிச்சை அவிழ்த்துவிட்டால் அதன்பிறகு வேகம். வரிசை முடிகிற இடத்தில் ஒரு சின்ன இழுப்பு, மறுபடி ஓட்டம். பார்டர் வரும்போது மட்டும் சீதாவும் உல்டாவும் மாறி மாறி வருவதால் நூல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். (தில்லித் தமிழ் மாமிகளின் பின்னல் மொழியில் நேர்க்கண்ணி சீதா, மறுகண்ணி உல்டா, கண்ணி என்பதே ஃபந்தா. சமையலறையில் பாலக்காடு, மொட்டைமாடியில் லூதியானா.) பின்னுவதற்கு ஒன்றரை மாதம் பிடித்த முன்பக்கம் ஒரு வானொலி நாடகம் முடிவதற்குள் காணாமல் போயிருக்கும்.

நூல் வர வர அதைத் தாங்க ஒரு கருவி வேண்டும். இதற்கு இரண்டு கருவிகள் வழக்கில் இருந்தன: நாற்காலி, பையன். நாற்காலியின் முதுகில் சுற்றினால் இறுக்கமும் தளர்வும் சீராக வரும். அது சிணுங்காது, காலை மாற்றாது, கிரிக்கெட் கேட்காது. இருந்தும் பெரும்பாலோர் பையனையே தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி உட்கார வைத்து, நூலைச் சுற்றிக்கொண்டே வருவார்கள். கையில் நூல் மாட்டியிருப்பதால் அந்நேரம் பையனால் ஓடவோ யாரையும் அடிக்கவோ முடியாது. பன்னிரண்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்க மட்டும் முடியும். நாற்காலியால் ஈட்ட முடியாத பயன் இது.

கையிலிருந்து இறக்கிய சுருணைக்கு லச்சி என்று பெயர். நாலு இடத்தில் வெள்ளைப் பருத்தி நூலால் தளரக் கட்ட வேண்டும். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் அழுக்குப் போகாது, கட்டாமல் விட்டால் தண்ணீரில் இறங்கியதும் சிக்கலாகி, பிறகு அதைப் பிரிக்க இன்னோர் ஆய்வு தேவைப்படும். இந்தக் கட்டத்தில் நூலைப் பார்த்தால் முழுக்க நெளி நெளியாக இருக்கும். ஒவ்வொரு நெளியும் தான் இருந்த கண்ணியை மறக்காமல் வைத்திருக்கிறது. அப்படியே பின்னினால் புது ஸ்வெட்டர் மேடும் பள்ளமுமாக வரும். இதற்கான மருந்து வெறும் தண்ணீர். கம்பளி என்பது மயிர். மயிர் என்பது கெராட்டின் என்கிற புரதம். அதன் வடிவத்தைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்பு நனைந்தால் விட்டுப்போகும், உலர்ந்தால் அந்தந்த நிலையிலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். இரவு பின்னிய சடையைக் காலையில் அவிழ்த்தால் கூந்தல் நெளிந்திருப்பதும், தலைக்குக் குளித்தால் அது போய்விடுவதும் இதே கணக்கில்தான். ஆடும் அம்மாவும் ஒரே புரதம். ஆகவே பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரில் லச்சியை மூழ்கவைத்து, முறுக்காமல் பிழிந்து, கொடியில் மாட்டி, அடியில் ஒரு கனம் கட்டிவிட வேண்டும். கனம் அதிகமானால் நூல் நீண்டு மெலிந்துவிடும். கரண்டி ஒன்று போதும், அம்மிக்குழவி ஆகாது.

துவைத்துவிட்டுப் பிரிப்பதா, பிரித்துவிட்டுத் துவைப்பதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. முன்கட்சிக்காரர்கள் அழுக்கு ஸ்வெட்டரைத் தொட்டுப் பிரிப்பது அருவருப்பு என்பார்கள். ஈரம் பட்டால் கம்பளியில் கண்ணிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும், பிரிக்கும்போது நூல் பஞ்சாகும் என்பது பின்கட்சி. இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தால், எப்படியும் பிரித்தபின் ஒருமுறை நனைக்கத்தான் வேண்டும் என்பதால் முன்கட்சிக்கு இரட்டை வேலை. இக்கட்டுரை பின்கட்சி. மூன்றாவதாக ஒரு சிறுபான்மை உண்டு: கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, நூலை மூடி வழியாக உள்ளே விட்டு மூக்கு வழியாக வெளியே இழுப்பவர்கள். நீராவியில் நெளி நிமிர்ந்து சுடச்சுட வெளியே வரும். பார்க்க மிக அழகு. ஆனால் அந்தக் கெட்டிலில் அன்று மாலை போட்ட காப்பியில் ஆட்டு வாடை இருந்ததாக அந்தந்த வீட்டுக் கணவர்கள் கூறியிருக்கிறார்கள். அவர்கள் சாட்சியம் ஒருதலைப்பட்சமானது.

அறுந்த நூலை ஒட்டுவதில் ஆசாரப் பிரச்சினையே கிளம்பியது. சுத்தக் கம்பளியாக இருந்தால் முடிச்சுப் போடவே வேண்டாம். இரண்டு முனையையும் பிரித்துப் பஞ்சாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஈரம் தொட்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வேகமாக உருட்டினால், கம்பளி இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று கொக்கிபோட்டு ஒரே நூலாகிவிடும். அந்த ஈரத்துக்கு உலகெங்கும் உபயோகிப்பது எச்சில். கம்பளிக்குத் தீட்டில்லை, மடியாக இருப்பவர்கூட அதைத் தொடலாம் என்பது ஆசாரம். எச்சில் படக்கூடாது என்பதும் ஆசாரம். அப்படியானால் எச்சிலால் ஒட்டிய கம்பளி மடியா, விழுப்பா? பெரியவர்கள் இருந்த வீடுகளில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டினார்கள். பெரியவர்கள் கோயிலுக்குப் போனதும் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு வேலையை விரைவாக முடித்தார்கள்.

இப்போது பிறவிகள். அப்பாவின் முழுக்கை ஸ்வெட்டராகப் பிறந்த உல்லன் அடுத்த பிறவியில் மூத்தவனின் ஸ்வெட்டராகவும், அதற்கடுத்து இளையவளின் கையில்லாத ஸ்லிப்ஓவராகவும், பிறகு குல்லாவாகவும், கையுறையாகவும் பிறக்கும். பிறவிதோறும் உருவம் சிறுப்பதற்கு வினைப்பயன் காரணமில்லை. முழங்கையும் மணிக்கட்டும்தான் காரணம். அங்கே நூல் தேய்ந்து கிழிந்திருக்கும், வெட்டி எறிந்துவிட வேண்டும். அரைக்கிலோ உள்ளே போனால் அரைக்கிலோ வெளியே வருவதில்லை. குறைகிற எடையை ஈடுகட்டப் புது உல்லன் வாங்கப் போனால் அந்த நீலம் கடையில் இராது. ஒரே ஷேட் நம்பர் இருந்தாலும் சாயம் போட்ட லாட் மாறினால் ஒரு மாற்றுக் கம்மியாகவோ அதிகமாகவோதான் வரும். பழைய உல்லன் நாலு வருட வெயிலையும் பார்த்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பின்னினால் வயிற்றின் குறுக்கே எல்லைக்கோடு தெரியும். மறைக்க முடியாத எல்லைக்கோட்டை நிறையப் போட்டுவிட்டால் அது டிசைன் ஆகிவிடுகிறது. உலகத்துக் கோடுபோட்ட ஸ்வெட்டர்களில் கணிசமானவை அழகுணர்ச்சியில் பிறக்கவில்லை, பற்றாக்குறையில் பிறந்தவை என்று இதிலிருந்து துணியலாம். இந்தி மாத இதழ்கள் குளிர்காலத்தில் வெளியிட்ட பின்னல் சிறப்பிதழ்களில் வந்த கோட்டு டிசைன்களை மாமிகள் மதிக்காததும் இதனால்தான். எந்த வரிசையில் எந்தக் கலர் என்று இதழ் சொல்லும். எந்தக் கலர் எத்தனை வரிசைக்கு வரும் என்பதை உருண்டைதான் சொல்ல வேண்டும்.

இந்தப் பிறவிச் சுழலிலிருந்து விடுதலை உண்டா? உண்டு. சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, கண்ணி வேறு நூல் வேறு என்ற பேதம் அற்று, ஒரே பிண்டமாக இறுகிவிடும். அதன்பிறகு அதை எவராலும் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததற்கு மறுபிறவி ஏது? கணவன்மார் மனைவி ஊரில் இல்லாதபோது உதவி செய்யும் நோக்கத்துடன் வாஷிங் மெஷினில் போட்டு எத்தனையோ ஸ்வெட்டர்களுக்கு வீடுபேறு அளித்திருக்கிறார்கள். முக்தியடைந்த ஸ்வெட்டர் பொம்மைக்குத்தான் பொருந்தும்.

இதில் அக்ரிலிக்கின் கதி பரிதாபமானது. எழுபதுகளில் கேஷ்மிலான் என்ற பெயரில் வந்து வீடுகளைப் பிடித்துக்கொண்ட அந்த நூலில் கம்பளிச் செதில் கிடையாது. எவ்வளவு துவைத்தாலும் அது இறுகிப் பிண்டமாகாது. பூச்சி தின்னாது. எச்சிலுக்கும் ஒட்டாது, முடிச்சுதான் போட வேண்டும். வறண்ட தில்லிக் குளிரில் இரவு கழற்றும்போது படபடவென்று பொறி பறக்கும். ஆகவே கேஷ்மிலானுக்கு அழிவும் இல்லை, வீடுபேறும் இல்லை. பிரிக்கப் பிரிக்கப் பிறந்துகொண்டே இருக்கும். அது கம்பளியைப் போல மடியா என்று கேட்டுக் காஞ்சிபுரத்துக்கோ சிருங்கேரிக்கோ யாராவது கடிதம் போட்டிருந்தால், பெட்ரோலியத்துக்குத் தீட்டு உண்டா என்ற முன்கேள்வியிலேயே விவகாரம் நின்றிருக்கும்.

பிரித்துப் பின்னுவதை ஓர் அரசாங்கமே சட்டைப் பையில் கைவைத்துப் போதித்த வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன். தலைக்கு 66 கூப்பன். பின்னல் உல்லன் இரண்டு அவுன்ஸுக்கு ஒரு கூப்பன் போய்விடும். ஏற்கெனவே வீட்டில் இருக்கிற ஸ்வெட்டரைப் பிரித்தால் வருகிற உல்லனுக்குக் கூப்பன் கிடையாது. 1943-இல் அந்நாட்டு வாணிப வாரியம் இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுவது எப்படி என்று ஒரு சிறுநூலே போட்டு, பழைய கம்பளிகளைப் பிரித்து மறுபடி பின்னச் சொன்னது. ரேஷன் 1949 வரை நீடித்தது. சரோஜினி நகரில் இதற்கெல்லாம் அரசாங்கம் தேவைப்படவில்லை. மாதக் கடைசி போதுமானதாக இருந்தது.

பொருளாதாரமே முழுக் காரணம் என்று சொல்லும் ஒரு சாரார் உண்டு. அவர்களால் விளக்க முடியாத ஒரு நிகழ்வு: புத்தம் புதிய ஸ்வெட்டரையும் பிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, மொட்டைமாடி, கயிற்றுக் கட்டில், பக்கத்தில் உப்புத் தடவிய முள்ளங்கித் துண்டுகள். கணவர் ஆங்கிலப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்க்கிறார்.

"ஏண்டி, போன வாரந்தானே முடிச்சே? நன்னாத்தானே இருந்துது?"

"உங்களுக்கு நன்னாத்தான் இருக்கும். இடது தோள்லே சீதா விழவேண்டிய எடத்துலே ஒரு உல்டா விழுந்திருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"ஆபீஸ்லே ஒரு கமா தப்பா இருந்தா முழு லெட்டரையும் திருப்பி அடிக்கச் சொல்றேளோல்லியோ? அது மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியறதாக்கும்."

அவர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். இந்தச் சான்று நம் கொள்கைக்கு அரண் செய்கிறது. போட்டுக்கொள்பவர் ஸ்வெட்டரைப் பார்க்கிறார். பின்னியவர் ஐம்பதாயிரத்தில் அந்த ஒரு கண்ணியைத்தான் பார்க்கிறார், கணவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் பார்க்கிறார்.

இத்துறையின் வீழ்ச்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லூதியானா மெஷின்களிலிருந்து ஸ்வெட்டர்கள் குவியத் தொடங்கின. துணியாகப் பின்னி, கத்தரியால் வெட்டி, ஓவர்லாக் அடித்த ஸ்வெட்டரைப் பிரித்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு துண்டு நூல் வரும். ஊசி கோக்கலாம், ஸ்வெட்டர் பின்ன முடியாது. திருப்பூர் பனியனும் பின்னல்தான், அதே கண்ணிதான். ஆனால் வட்ட மெஷினில் பின்னி வெட்டித் தைப்பதால் அதற்கு மறுபிறவி நூலாக இல்லை, மெக்கானிக் கடையில் எண்ணெய் துடைக்கும் வேஸ்டாக. பானிபட்டில் உலகத்துப் பழைய கம்பளிகளையெல்லாம் மலைமலையாக இறக்கி, மெஷினில் பிய்த்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்றுப் போர்வை செய்கிறார்கள். மதிக்கத்தக்க தொழில். ஆயினும் அதைப் பிரித்தல் என்று இவ்வாய்வு ஏற்காது. அது பிரளயம்.

தீர்க்கப்படாத ஒரு சட்டப் பிரச்சினையை வருங்கால ஆய்வாளர்களுக்கு விட்டுச்செல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் பின்னிப் பரிசாகக் கொடுத்ததை இன்னொருவர் பிரிக்கலாமா? உல்லன் வாங்கியவர் ஒருவர், பின்னியவர் ஒருவர், போட்டுக்கொண்டவர் ஒருவர். மூவரில் பிரிக்கும் உரிமை யாருக்கு? வாங்கியவருக்கு என்றால் சம்பளம் கொண்டுவருகிற கணவனுக்குப் போய்விடும். அப்படி ஒரு தீர்ப்பு எந்த வீட்டிலும் வழங்கப்பட்டதாகத் தெரியவில்லை. நடைமுறையில் பின்னியவருக்கே முதல் உரிமை. பின்னியவர் வேறு ஊரில் இருந்தால் அவருக்குத் தெரியாமல் பிரிக்கலாம் என்பது உபவிதி. அவர் ஊருக்கு வருவதாகத் தந்தி வந்தால் என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை.

நாத்தனார் பம்பாயிலிருந்து அண்ணாவுக்குப் பின்னி அனுப்பிய பாட்டில் பச்சை ஸ்வெட்டர், தோள் தொங்குகிறது என்று பிரிக்கப்பட்டு, இடைக்கால நடவடிக்கையாகப் பழுப்பும் பச்சையும் கோடுகோடாகப் பிள்ளைக்கு மாறியிருந்தது. நாத்தனார் வந்தார். வாசலில் பையனைத் தூக்கிக் கொஞ்சினார். கொஞ்சியபடியே ஸ்வெட்டரின் பச்சைக் கோடுகளை விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பின்னுகிறவர்களுக்கு எவ்வளவு உல்லன் எத்தனை வரிசைக்கு வரும் என்பது மனக்கணக்கு.

"மன்னி, இதுலே ஆறு அவுன்ஸ்கூட வந்திருக்காதே. நான் பதினாலு அவுன்ஸ்னா போட்டேன்? மிச்சம் எங்கே?"

மன்னி பதில் சொல்லாமல் காப்பி கொண்டுவந்து வைத்தார். சூடு ஆறாமல் இருக்க டபராவுக்குப் போட்டிருந்த உறை பாட்டில் பச்சை.